மரமல்லிக்கடியில் எக்ஸ்பிரஸ்

வண்டியூர்
4.11.2024

செல்வி முத்துமீனா அவர்களுக்கு,

பொருள்: தங்கள் மரத்தின் பூ என் வாசலில் உதிர்வது.

இனி உங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தையே கிடையாது என்று நேற்றுத் தெருவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். ஆனால் விஷயம் இருப்பதால் எழுதுகிறேன். காகிதம் மழையில் நனையாமல் பால் கவருக்குள் போட்டு, காம்பவுண்டுச் சுவர்மேல் செங்கல்லுக்கடியில் வைத்திருக்கிறேன். பதிலையும் அங்கேயே வைக்கலாம்.

என் ஆமை எக்ஸ்பிரஸ் சில வாரங்களாகச் சரியில்லை. சனிக்கிழமை ஆனால் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாகக் கிடக்கிறது. வாயோரம் நுரை தள்ளுகிறது. முருங்கைக்கீரையை மூக்குக்கு நேரே காட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓரிரண்டு நாளில் எழுந்துவிடுகிறது, பிறகு மறுபடியும் அதே கதை. கால்நடை டாக்டர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். "ஆடு மாடுன்னா சட்டுன்னு சொல்லிருவேண்ணே, ஆமைக்குன்னு யாரும் வந்ததில்ல. எதையோ ஆகாததத் தின்னுருக்கு, என்னன்னு பாருங்க" என்றார்.

என்னவென்று பார்த்தேன். சுவரோரம் முழுக்க உங்கள் மரமல்லிப் பூதான் வெள்ளையாகக் கிடக்கிறது. எக்ஸ்பிரஸ் அதில் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு நிற்பதை என் கண்ணால் கண்டேன். பெங்களூரிலிருக்கும் என் மகன் அருள்பாண்டி போனில் தேடிப் பார்த்தான். உதிர்ந்த பூ ஆமைக்கு நல்லது என்று ஒருத்தர் சொல்கிறாராம், தெரியாத பூவைக் கொடுக்காதே என்று இன்னொருத்தர் சொல்கிறாராம். மரமல்லி என்று பேர் சொல்லி யாரும் எழுதவில்லையாம்.

ஆகவே என் பக்கம் நீண்டிருக்கும் கிளையை வெட்ட வேண்டும். வெட்ட எனக்கு உரிமை உண்டு. இருந்தாலும் மரியாதைக்குச் சொல்கிறேன்.

ஆமை புகுந்த வீடு பற்றி நேற்று நீங்கள் சொன்னதற்கு இந்தக் கடிதத்தில் பதில் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
சோணை
ஓட்டுநர் (ஓய்வு)


5.11.2024

சோணை அண்ணனுக்கு,

செல்வி என்று போட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டார்களா என்று கேட்டது.

முதலில் தெருவில் நடந்தது. ஒரு கூடைப் பூவை அள்ளிவந்து என் வாசலில் கொட்டினீர்கள். அப்போது நான் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வந்திருந்த அம்மா அந்தப் பூவில் கால் வைத்து வழுக்கி விழப்பார்த்தார்கள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஆமை புகுந்த வீடு உருப்படுமா" என்று கேட்டுவிட்டேன். மலையம்மாள் மதினி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்த வீட்டைப் பார்த்து அந்தப் பழமொழியை நான் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணே, மன்னித்துவிடுங்கள். அதுவும் எக்ஸ்பிரஸ் தானாகப் புகுந்த ஆமையும் இல்லை. உங்கள் மகன் வனத்துறையில் பதிந்து, சீட்டு வாங்கி, காரில் வைத்துக் கொண்டுவந்து விட்டுப்போன வெளிநாட்டு ஆமை. பழமொழிக்கு அதெல்லாம் தெரியாது.

மன்னிப்பு அந்தச் சொல்லுக்குத்தான். கிளையை வெட்ட விடமாட்டேன்.

அம்மாவின் கட்டில் சன்னலோரம் கிடக்கிறது. இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து அதற்கு உலகம் என்றால் அந்தச் சன்னல்தான். சன்னலுக்குக் குறுக்கே போகும் கிளைதான் நீங்கள் வெட்டச் சொல்லும் கிளை. விடியும்போது பூ ஒவ்வொன்றாய்ச் சுற்றிச் சுற்றி இறங்கும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும், நான் கஞ்சியை ஊற்றிவிடுவேன். பூக்காத மாதங்களில் ஒரு கரண்டி உள்ளே போவதற்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். சில நாள் அவை கொக்கு என்கிறது. சில நாள் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டதா, நுரை பறக்கிறதே என்கிறது. நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

மதினி இருந்தபோதும் இதே மரம், இதே பூ, இதே ஆமைதானே. அப்போது ஒன்றும் ஆகவில்லையே.

முத்துமீனா


11.11.2024

முத்துமீனாவுக்கு,

நீங்கள், வாருங்கள் என்று எழுதக் கை வரவில்லை. பாவாடை சட்டையில் பார்த்த பிள்ளை. நீ என்றே எழுதுகிறேன். அதற்காகச் சமாதானம் என்று அர்த்தமில்லை.

மன்னிப்பை எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஆகவில்லையே என்று கேட்டாய். மலையம்மாள் விடியுமுன் எழுந்து கூட்டிவிட்டுத்தான் எக்ஸ்பிரஸைத் திறந்துவிடுவாள். நான் ஆயுசு முழுக்க உசிலம்பட்டி முதல் வண்டிக்காகக் கோழி கூவுமுன் எழுந்தவன். இப்போது எழுந்து எங்கே போகப்போகிறேன் என்று படுத்தே கிடக்கிறேன். நான் எழுவதற்குள் அது அடைப்பைத் தானே முட்டித் திறந்துகொண்டு பூவுக்குள் இறங்கிவிடுகிறது.

சனிக்கிழமை மறுபடியும் சுருண்டுவிட்டது. போன தடவையைவிட மோசம். மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆமைக்காக இந்த மனிதன் ஏன் இந்தக் குதி குதிக்கிறான் என்று நீ நினைக்கலாம். சொல்கிறேன். மலையம்மாள் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள். எக்ஸ்பிரஸ் இன்றைக்கும் அந்த நேரத்துக்கு அந்தப் படிக்கு வந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அருள்பாண்டிக்கு அவன் குடும்பம் இருக்கிறது. இந்த வீட்டுக்குள் அவளைத் தேடுகிற உயிர் என்னைத் தவிர அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் நான் மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

மற்றபடி அவள் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்கிறேன். தண்ணீர்த் தட்டை மாற்றுகிறேன். கீரை ஆய்கிறேன். சாமி கும்பிடத் தெரியாத நான் ஐப்பசி பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றுகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து அழகுபாண்டி செவ்வரளி மாலை கொண்டுவந்து கொடுப்பான், அதைச் சாத்திவிட்டு, காய்ந்த மாலையை அவள் சொன்ன மாதிரியே கால்படாத இடமாகப் பார்த்துப் போடுகிறேன். இம்புட்டும் செய்தும் அவள் வளர்த்த ஜீவனைச் சாகக் கொடுத்தேன் என்று ஆகிவிடக் கூடாது.

மரம் வெட்டுகிற சின்னானிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு வருவான்.

சோணை


12.11.2024

அண்ணே,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். எக்ஸ்பிரஸ் படியில் வந்து நிற்பது எனக்குத் தெரியாது.

உங்களுக்கு அது. எனக்கு அம்மா. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யார் சொன்னது? பூ உங்கள் தரையில் விழக் கூடாது, என் சன்னலில் விழ வேண்டும், அவ்வளவுதானே. கிளையை வெட்டாமலே அதற்கு ஒரு வழி இருக்கிறது. என்னிடம் பழைய சேலைகள் கிடக்கின்றன. நீளவாக்கில் ஒன்றோடொன்று தைத்துவிடுகிறேன். ஒரு பக்கத்தை என் மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டுகிறேன். மறுபக்கத்தை நீங்கள் உங்கள் மாடியில் கட்டிக்கொள்ளுங்கள். கிளைக்குக் கீழே பந்தல் மாதிரி நிற்கும். பூவெல்லாம் அதில் விழட்டும். காலையில் நான் என் பக்கம் இழுத்து உதறிக்கொள்கிறேன்.

பூப்பது மார்கழியோடு ஓய்ந்துவிடும். அதுவரை சின்னானை நிறுத்திவையுங்கள். பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கயிறோடு மாடிக்கு வந்தால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முத்துமீனா


21.11.2024

முத்துமீனாவுக்கு,

கயிறோடு வந்ததைப் பார்த்தாய். முடிச்சுப் போடத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் நீ சிரித்ததையும் நான் பார்த்தேன். பஸ்ஸுக்கு வருமுன் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிய கை இது.

போன சனிக்கிழமையும் படுத்துத்தான் எழுந்தது. ஆனால் பந்தல் கட்டியபிறகு இந்த நாலு நாளாக எக்ஸ்பிரஸ் நன்றாக இருக்கிறது. பூசணித் துண்டு தின்றது. நீ சொன்னது வேலை செய்கிறது என்றே நினைக்கிறேன். எழுதுவதற்குக் கஷ்டமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் நாற்காலியைப் பந்தலுக்குக் கீழே போட்டு உட்காருகிறேன். வெயில் சேலைகள் வழியாக இறங்குகிறது. ஒரு இடத்தில் தரை மஞ்சள், ஒரு இடத்தில் கத்தரிப்பூ நிறம், ஒரு இடத்தில் பச்சை. எக்ஸ்பிரஸ் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெதுவாகப் போகிறது. மஞ்சளுக்குள் போனால் மஞ்சள் ஆமை, பச்சைக்குள் போனால் பச்சை ஆமை. மேலே பூ விழுவது நிழலாகத் தெரிகிறது, சத்தமே இல்லை. வாசம் மட்டும் சேலையைத் தாண்டி இறங்கிவிடுகிறது. எப்போது கண் செருகியது என்று தெரியவில்லை. கனவில் நான் வண்டி ஓட்டுகிறேன். சாலை முழுக்க மரமல்லி. ஒரு ஸ்டாப்பில்கூட யாரும் ஏறவில்லை, எனக்குப் பின்னால் மட்டும் யாரோ காய் நறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே வருகிறது. திரும்பினால் வண்டி தடம் மாறிவிடும் என்று பயந்து நேரே பார்த்தே ஓட்டுகிறேன்.

விழித்தபோது அந்தப் பச்சைச் சேலையைக் கவனித்தேன். ஓரத்தில் சின்னதாக மாங்காய் போட்டது. அது மலையம்மாளின் சேலை. உனக்குக் கொடுத்தாளா? என்னிடம் சொல்லவே இல்லை. கேட்பதற்காக எழுதவில்லை, அது நன்றாகவே இருக்கிறது.

சோணை


25.11.2024

முத்துமீனாவுக்கு,

எக்ஸ்பிரஸ் சனிக்கிழமை காலையிலிருந்து கண் திறக்கவில்லை. கழுத்து வெளியே தொங்குகிறது, உள்ளே இழுக்கக்கூடத் தெம்பில்லை. ஆமை கழுத்தை வெளியே போட்டுக்கொண்டு கிடப்பதை நான் பார்த்ததில்லை.

உன் பந்தல் ஏமாற்று. காற்றடித்தால் ஓரத்தில் பூ கொட்டத்தான் செய்கிறது. உனக்கு உன் சன்னல்தான் பெரிது. என்னையும் வண்ணம் காட்டித் தூங்கவைத்துவிட்டாய்.

சேலைகளைக் கழற்றிக்கொள். வருகிற ஞாயிறு சின்னான் வருவான். இந்தத் தடவை நிறுத்த மாட்டேன்.

சோணை


26.11.2024

அண்ணே,

நேற்றுச் சாயங்காலம் ஏணி போட்டுப் பந்தலைக் கழற்றிவிட்டேன். நீங்கள் உள்ளே இருந்தீர்கள்.

கிளையை வெட்டிக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முத்துமீனா


28.11.2024

அண்ணே,

முந்தாநாள் எழுதியது பாதிக் கடிதம். மீதியை எழுதாமல் விட்டுவிடலாம், கிளை போனால் போகட்டும், அண்ணன் மனசு தாங்காது என்று நினைத்தேன். ஆனால் நாளை வெள்ளிக்கிழமை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஜீவன் போய்விடும்.

ஏணியில் நின்று கீழே பார்த்தேன். வாரம் முழுக்கப் பந்தல் இருந்ததால் உங்கள் தரையில் வெள்ளையே இல்லை. வெள்ளை இல்லாததால்தான் சிவப்பு தெரிந்தது. சுவரடியில் காய்ந்த அரளி மாலை கிடக்கிறது. பிய்ந்து, நார் மட்டும் ஒரு பக்கம் இழுபட்டுக் கிடக்கிறது. மற்ற வாரங்களில் அதன்மேல் என் மரத்துப் பூ விழுந்து மூடிவிட்டிருக்கிறது.

அரளியில் ஆடுகூட வாய் வைக்காது என்று நம் ஊரில் தெரியாதவர் யார்? இந்த ஆமை நம் ஊரில் பிறக்கவில்லையே. வெள்ளிக்கிழமை நீங்கள் மாலை மாற்றுகிறீர்கள், சனிக்கிழமை அது சுருள்கிறது. பூ தினமும்தான் விழுகிறது அண்ணே, அது தினமும் சுருளவில்லை.

மதினி பழைய பூவைத் தரையில் போட மாட்டார்கள். உங்கள் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு மண்தொட்டி இருக்கிறதே, அதில்தான் போடுவார்கள். நீங்களும் அதிலேதான் போடுகிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு ஒரு சரம் வைத்திருக்கிறேன். மரமல்லிதான். காம்பு நீளமாக இருப்பதால் நார் இல்லாமலே பின்னலாம். நாளைக்கு அம்மனுக்கு இதைச் சாத்துங்கள். இது ஆமைக்கு நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு, இதையும் அந்தத் தொட்டியிலேயே போட்டுவிடுங்கள்.

எக்ஸ்பிரஸை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்து முங்காமல் உட்காரவையுங்கள். இன்றைக்கே அருள்பாண்டியிடம் சொல்லி, ஆமைக்கு வைத்தியம் தெரிந்த டாக்டரைப் போனிலாவது பிடிக்கச் சொல்லுங்கள். அரளி தின்றது என்று மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

முத்துமீனா


2.12.2024

முத்துமீனா,

எக்ஸ்பிரஸ் பிழைத்துவிட்டது. நேற்று மத்தியானம் ஒரு செம்பருத்தி இதழைத் தின்றது. அருள்பாண்டி பிடித்துக் கொடுத்த டாக்டர் தினம் இரண்டு வேளை போனில் பேசுகிறார். இனிப் பயமில்லை என்கிறார்.

சின்னான் நேற்று வந்தான். டீ கொடுத்து, கூலியும் கொடுத்து அனுப்பிவிட்டேன். வெட்டாத மரத்துக்குக் கூலி வாங்கின முதல் ஆள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு போனான்.

கால்படாத இடம் என்று நான் தேடிப்பிடித்த இடம். மனிதன் கால் அங்கே படாதுதான். ஆமைக்கும் நாலு கால் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மண்தொட்டியைத் தினமும் பார்க்கிறேன். அது எதற்கு என்று அவள் இருந்தபோதும் நான் கேட்டதில்லை. வண்டியிலிருந்து இறங்கினால் சாப்பாடு, படுக்கை. வீட்டில் அவள் என்ன செய்தாள் என்பதில் பாதிதான் எனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முழுவதும் செய்கிறேன் என்று நினைத்தேன். அவள் பெயரைச் சொல்லி வெள்ளிக்கு வெள்ளி அவள் வளர்த்ததற்கே விஷம் வைத்திருக்கிறேன். உன் வாசலில் கூடையைக் கொட்டினேன், உன் அம்மாவின் சன்னலை மூடப் பார்த்தேன், எல்லாம் என் கையில் இருந்த மாலைக்காக.

அருள்பாண்டியை வந்து ஆமையைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். என் கையில் அது இருக்க வேண்டாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் மலையம்மாள் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அவளாக இருந்தால் இப்படி ஒரு தப்புச் செய்திருக்க மாட்டாள்.

சோணை


3.12.2024

அண்ணே,

மகனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு மீதியை வாசியுங்கள்.

மதினி இப்படி ஒரு தப்பைச் செய்திருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் வந்த புதிதில். காலங்காலமாகப் போடுகிற வழக்கம்தானே என்று அவர்களும் காய்ந்த அரளி மாலையை அதே சுவரடியில்தான் போட்டார்கள். மறுநாள் அது வாயில் நுரையோடு கிடந்தது. அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். நானும் மதினியும் அம்மாவும் ஒரு பித்தளைப் பேசினில் வெந்நீர் விளாவி அதை உட்காரவைத்து, பகல் முழுக்க மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். மதினி அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தத் தொட்டி வந்தது அன்றைக்குத்தான். அந்தப் பச்சைச் சேலையும் அன்றைக்கு என் வீட்டில் நனைந்து, மாற்றிக்கொண்டு விட்டுப்போனதுதான். திருப்பிக் கொடுத்தால், "வேணாம் மீனா, அத அவரு பாத்தா எங்க நனஞ்சதுன்னு கேப்பாரு" என்றார்கள்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். இத்தனை நாள் காப்பாற்றினேன். இனி அந்தச் சத்தியத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. உங்களுக்குப் பயந்து மறைக்கவில்லை அண்ணே. ஏன் என்று நானும் கேட்டேன். அதற்கு அவர்கள் சொன்ன பதில் நீளம், எழுதினால் இரண்டு பக்கம் வரும். உங்களைப் பற்றித்தான் நிறையச் சொன்னார்கள். நாளைக்கு இன்னொரு காகிதத்தில் எழுதி வைக்கிறேன்.

முத்துமீனா


3.12.2024

மீனா,

போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரிய வேண்டும். நாளைவரை என்னால் பொறுக்க முடியாது.

நீ எழுத வேண்டாம். கதவைத் திறந்துவை, நான் வாரேன்.

சோணை